சொல்வழி கேளாத பந்து: தரம் 6 முதல் 9 வரை கூடைப்பந்து பழக்கும்போது வரும் பிழைகளும் திருத்தமும்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பாடசாலையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களோடு அதே ஏழெட்டுப் பிழைகளும் வரும். முதல் சில வருடங்கள் எல்லாவற்றுக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேற்பட்ட பிழை கையில் இல்லை, பந்தில் இருக்கிறது, தரையில் இருக்கிறது, சில வேளை கண்ணில் இருக்கிறது என்பது பிறகுதான் பிடிபட்டது.

ஆகவே ஒவ்வொரு பிழைக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். காசும் நாளும் பிடிக்கும் காரணம் கடைசியில் வரும். உங்கள் பிள்ளையிடம் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். பந்தைக் கையால் தரையில் தட்டித் தட்டிக் கொண்டுபோகும் ட்ரிபிளிங்கை எங்கள் மைதானத்தில் ‘தட்டுதல்’ என்றே சொல்கிறோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பந்து இடுப்பு வரை எழும்பவில்லை

“சேர், இது எழும்புதில்லை” என்று பிள்ளை சொன்னால் முதலில் அதை நம்புங்கள். கையைப் பார்க்க முன் பந்தைப் பாருங்கள்.

சீமெந்துத் தரையில், ஒரு சுவரோரமாக, 1.8 மீற்றர் உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். அழுத்த வேண்டாம், கையை மட்டும் எடுங்கள். விடும்போது பந்தின் அடிப்பக்கம் 1.8 மீற்றரில் இருக்க வேண்டும். துள்ளி எழும்போது அதன் மேற்பக்கம் 1.2 மீற்றருக்கும் 1.4 மீற்றருக்கும் இடையில் வந்தால் காற்று சரி. நான் மண்டபச் சுவரில் கரித்துண்டால் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். இப்போது பிள்ளைகளே பயிற்சி தொடங்க முன் எல்லாப் பந்தையும் விட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.

*கோட்டுக்கு வரவில்லையென்றால்* காற்றடியுங்கள். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் வால்வுக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அநேகமான பந்துகளுக்கு 7 முதல் 9 பி.எஸ்.ஐ. சைக்கிள் பம்புக்குப் பொருந்தும் ஊசி ஒன்றை வாங்கி வையுங்கள். ஊசியைத் தண்ணீரில் நனைத்து நேராக இறக்குங்கள். காய்ந்த ஊசியைச் சரித்துக் குத்தினால் வால்வு கிழிந்துவிடும், அதோடு பந்தின் கதை முடிந்தது. இன்னொன்று, மத்தியான வெயிலில் கிடந்த பந்தில் காற்றை அளக்காதீர்கள். சூட்டில் நிறைந்திருப்பதுபோல் காட்டும், அடுத்த நாள் காலையில் தொய்ந்து கிடக்கும்.

*அடித்தும் இரண்டு நாளில் இறங்குகிறதென்றால்* வால்வில் சவர்க்கார நுரை வையுங்கள். குமிழி வந்தால் வால்வு. வராவிட்டால் பந்து முழுவதும் நுரை பூசித் தேடுங்கள். எங்கள் பக்கத்தில் வேலியோரம் போன பந்தில் முள்ளுத்தான் இருக்கும். றப்பர் பந்தில் சிறு துளையென்றால் ரியூப் ஒட்டும் சைக்கிள் கடைக்காரரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஒட்டி இரண்டாம் முறையும் இறங்கினால் அதற்கு மேல் அந்தப் பந்துக்குச் செலவழிக்க வேண்டாம். அதை இடக்கைப் பயிற்சியில் பிடித்துக்கொள்ளும் பந்தாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்கிறேன்.

*சீமெந்தில் எழும்பி மைதானத்தில் எழும்பவில்லையென்றால்* பிழை தரையில். கிரவல் தரை கோடையில் புழுதியாகப் பந்தை விழுங்கும், மாரியில் சேறாகப் பிடித்துக்கொள்ளும். தட்டுதலைப் பழக்க முழு மைதானம் தேவையில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு மீற்றர் சதுரம் போதும். மண்டப விறாந்தை, மேடை, நெல் காயவிடும் தளம், எது கிடைத்தாலும் பாவியுங்கள். நெல்லுத் தளத்தை மட்டும் மாசி பங்குனியில் கேட்கப் போகாதீர்கள், அப்போது பெரும்போக நெல் காயும். மற்ற மாதங்களில் கமக்காரர் அமைப்பிடம் மரியாதையாகக் கேட்டால் தருவார்கள். கூட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

*காற்றும் தரையும் சரியென்றால்* பந்தின் இலக்கத்தைப் பாருங்கள். எங்களுக்கு அன்பளிப்பாக வருவது எப்போதும் 7 ஆம் இலக்கம். அது வளர்ந்த ஆண்களின் பந்து: 600 கிராம் அளவு பாரம், 75 சென்ரிமீற்றருக்கு மேல் சுற்றளவு. தரம் 6 பிள்ளையின் கை அதில் பாதியைக்கூடப் பிடிக்காது. 12 வயதுக்குக் கீழ் 5 ஆம் இலக்கம், பெண்பிள்ளைகளுக்கும் 12, 13 வயது ஆண்பிள்ளைகளுக்கும் 6 ஆம் இலக்கம், தரம் 9 ஆண்பிள்ளைகளுக்கு 7. யாராவது வெளிநாட்டிலிருந்து “என்ன அனுப்ப?” என்று கேட்டால் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். 5 ஆம் இலக்கப் பந்து இல்லாத பாடசாலையில் வலைப்பந்து இருக்கும். சுற்றளவு கிட்டத்தட்ட அதேதான், பாரம் 400 முதல் 450 கிராம். நின்ற இடத்தில் தட்டப் பழக அது தாராளமாகப் போதும்.

இத்தனையும் பார்த்த பிறகும் எழும்பவில்லையென்றால் மட்டும் கைக்கு வாருங்கள்.

பந்தைத் தள்ளாமல் அடிக்கிறார்

சத்தத்திலேயே தெரியும். ‘பட்... பட்...’ என்று கன்னத்தில் அறைவதுபோல் கேட்டால் உள்ளங்கை படுகிறது. எங்கள் பிள்ளைகள் கரப்பந்து பார்த்து வளர்ந்தவர்கள். இலங்கையின் தேசிய விளையாட்டு அது, ஊருக்கு ஊர் வலை கட்டியிருக்கும். பந்தென்றால் அடிப்பது என்று கை ஏற்கெனவே படித்துவிட்டது. கெட்ட பழக்கம் என்று ஏசாதீர்கள், வேறு விளையாட்டின் நல்ல பழக்கம் அது.

சோதிக்கக் காசு வேண்டாம், எங்கள் புழுதியே போதும். பந்தை ஒருமுறை செம்மண்ணில் உருட்டி எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். இருபது முறை தட்டச் சொல்லுங்கள். பிறகு, “கையைக் காட்டு பாப்பம்.” ஐந்து விரலின் சதைப்பகுதியிலும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மேட்டிலும் சிவப்பு ஒட்டியிருந்து, நடுவில் உள்ள குழி வெள்ளையாக இருந்தால் சரி. குழியும் சிவப்பென்றால் அடிக்கிறார். விரல் நுனியில் மட்டும் சிவப்பென்றால் பயந்து தட்டுகிறார், அல்லது நகம் நீளம். நகம்வெட்டி ஒன்று என் பையில் எப்போதும் கிடக்கும்.

திருத்துவதற்கு முழந்தாளில் இருத்துங்கள். நிற்கும்போது முழங்கால் இருக்கும் உயரத்துக்கு மேல் பந்து போகக்கூடாது. அந்த உயரத்தில் அடிக்க இடமே இல்லை, விரலால் தள்ளத்தான் முடியும். இருபது, முப்பது முறை சரியாக வந்ததும் எழுப்புங்கள். நிமிர்ந்ததும் பழையபடி அடித்தால் மறுபடி முழந்தாள். எழுந்து நிற்கும்போது ஒரேயொரு வார்த்தைதான் சொல்லுவேன்: “காத்திரு.” பந்து மேலே வரும்வரை கை காத்திருந்து, வருகிற பந்தோடு கொஞ்சம் மேலே போய், அப்புறம் முழங்கை நிமிரும்வரை கீழே தள்ள வேண்டும். அவசரப்பட்டுப் பாதி வழியில் போய்ச் சந்திக்கிற கைதான் அடிக்கிற கை.

பந்து காலில் பட்டு ஓடுகிறது

பெரும்பாலும் பந்தை உடம்புக்கு முன்னே தட்டுவதால் வருவது. வலக்கையால் தட்டினால் இடக்கால் முன்னே, பந்து வலக்காலின் சின்னவிரலுக்கு வெளியே. தரையில் அந்த இடத்தில் சோக்கால் ஒரு வட்டம் போட்டுவிட்டால் ஒரு பின்னேரத்தில் சரியாகிவிடும்.

ஆகாவிட்டால் காலணியைப் பாருங்கள். செருப்போடு தட்டுகிற பிள்ளை செருப்பைப் பிடித்து வைக்கவே பாதிக் கவனத்தைச் செலவழிக்கிறது. சப்பாத்து இல்லையென்றால் வெறுங்கால் செருப்பைவிட நல்லது. ஆனால் சீமெந்து ஆறிய பிறகு, மூன்றரை நான்கு மணிக்கு மேல்தான். நான் முதலில் என் உள்ளங்கையை ஒரு நிமிடம் தரையில் வைத்துப் பார்ப்பேன்.

தலை குனிந்தே தட்டுகிறார்

இதற்குத்தான் பயிற்றுநர்கள் அதிகம் கத்துகிறார்கள். “தலையைத் தூக்கு!” என்றால் ஒருமுறை தூக்குவார், அடுத்த தட்டில் மறுபடி குனிவார். கத்துவதால் இது திருந்தி நான் ஒருநாளும் கண்டதில்லை.

முதல் சோதனை: அதே பிள்ளையை, காற்றுச் சரியான பந்தோடு, சீமெந்தில் விடுங்கள். தலை தானாக நிமிர்ந்தால் குற்றம் கிரவலில். கல்லில் பட்டு எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாத பந்தைப் பார்க்காமல் தட்டு என்று சொல்வது நியாயமில்லை. அங்கே குனிவதுதான் புத்தி. அந்தப் பிள்ளைக்கு நல்ல தரை கிடைக்கும்வரை இந்தப் பிழையை விட்டுவிடுங்கள்.

சீமெந்திலும் குனிந்தால், பார்ப்பதற்கு ஏதாவது கொடுங்கள். நிமிர்ந்தால் காண ஒன்றுமில்லையென்றால் யார்தான் நிமிர்வார்? ஐந்து மீற்றர் தள்ளி நின்று விரல்களைக் காட்டி “எத்தனை?” என்று கேளுங்கள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை மாற்றுங்கள். சரியாகச் சொல்லத் தொடங்கியதும் இரண்டு கையிலும் காட்டிக் கூட்டச் சொல்லுங்கள். அடுத்து, இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, வலக்கையால் தட்டிக்கொண்டு இடக்கையால் ஒரு ரெனிஸ் பந்தை எறிந்து பிடிக்க விடுங்கள். பந்து போகும், ஓடிப் பிடிப்பார்கள், சிரிப்பார்கள். இரண்டு மூன்று கிழமையில் கண் மேலே தங்கிவிடும்.

விரல் எண்ணிக்கை தொடர்ந்து பிழைத்தால் பந்தைக் கையிலிருந்து வாங்கிவிட்டு, சும்மா நிற்க வைத்து அதே ஐந்து மீற்றரில் கேளுங்கள். இந்தச் சோதனையை ஒருநாளும் தவறவிடாதீர்கள்.

தரம் 7 இல் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். கை அவ்வளவு மென்மை, பந்து அவளுக்கு நாய்க்குட்டிபோலப் பின்னால் வரும். ஆனால் தலை மட்டும் நிமிராது. ஒரு தவணை முழுவதும் ஏசினேன். ஒருநாள் பந்தை வாங்கிவிட்டு மூன்று விரலைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி, கழுத்தை முன்னே நீட்டி, “நாலு... இல்லை, ரெண்டு சேர்” என்றாள். வகுப்பில் முன் வாங்கில் இருக்கும் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதி வந்திருக்கிறாள். வீட்டிலும் யாருக்கும் தெரியாது. வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அம்மா கூட்டிக்கொண்டு போனார், கண்ணாடி கிடைத்தது. கண்ணாடியை நாடாவால் பின்னே கட்டிக்கொண்டு வந்த முதல் நாள், தட்டிக்கொண்டே மைதானத்தின் மறுகரையில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தாள். “சேர், இலை இலையாத் தெரியுது” என்றாள். அந்தத் தவணை நான் ஏசிய ஒவ்வொரு நாளும் இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

பந்தில்லாமலும் விரலை எண்ண முடியாவிட்டால், கண்ணைச் சுருக்கினால், அடிக்கடி தலையிடி என்றால், அந்த இடத்தில் பயிற்றுநரின் வேலை முடிந்தது. வகுப்பாசிரியருக்கும் வீட்டுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். தரம் 7 பிள்ளைகளைப் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பார்கள். ஆனால் அந்தத் திகதிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இடக்கை வேலை செய்யவில்லை

கையில் பலம் இல்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு கையாலும் தண்ணீர் வாளி தூக்குகிற பிள்ளைகள் இவர்கள். பழக்கம்தான் இல்லை. எங்கள் வீடுகளில் சின்ன வயதிலிருந்தே “இடக்கையால குடாத” என்று சொல்லித்தானே வளர்க்கிறோம். பந்தை எனக்கு இடக்கையால் எறியவே கூச்சப்படுகிற பிள்ளைகள் உண்டு. மைதானத்துக்குள் இரண்டு கையும் ஒன்றுதான் என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

எளிய திருத்தம், நேரத்தை மாற்றுவது. எல்லோரும் வலக்கையில் தொடங்கி, களைத்த பிறகு இடக்கைக்கு வருகிறார்கள். நான் முதல் பத்து நிமிடத்தை இடக்கைக்கே கொடுத்துவிடுகிறேன். வலக்கை இடையில் ஓடிவந்து உதவி செய்தால், காற்றுப் போன பழைய பந்தை வலப்பக்க இடுப்பில் அணைத்துப் பிடிக்கக் கொடுங்கள். கையைத் துணியால் கட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாம், விழுந்தால் ஊன்றக் கை வேண்டும்.

முப்பது விநாடிக்கு ஒவ்வொரு கையாலும் எத்தனை என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதுங்கள். வலக்கையின் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கை இடக்கை எட்டியதும் கை மாற்றித் தட்டுவதைத் தொடங்கலாம். இது என் கணக்கு. அதற்கு முன் தொடங்கினால் பந்து வலக்கையிலிருந்து போகும், இடக்கையில் போய்ச் சேராது.

நின்றால் வருகிறது, ஓடினால் பந்து முன்னே போய்விடுகிறது

கை இன்னும் பந்தின் உச்சியிலேயே இருக்கிறது. நடக்கத் தொடங்கும்போது கை பந்தின் பின்பக்கத்துக்குச் சற்று இறங்க வேண்டும். ஓடும்போது இன்னும் கொஞ்சம். சொல்லிப் புரியாது, மண் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக வைத்து, முதலில் நடை, பிறகு வேக நடை, பிறகு ஓட்டம். போத்தல் இல்லாவிட்டால் பனங்கொட்டை. விசில் ஊதியதும் நின்ற இடத்தில் தட்ட வேண்டும், அடுத்த விசிலுக்கு மறுபடி ஓட வேண்டும். நிற்கப் பழகிய பிள்ளைக்குத்தான் ஓட வரும்.

அவசரமும் ஒரு காரணம். பந்து கிடைத்ததும் பேய் துரத்துவதுபோல் ஓடுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: தன் பக்கத்திலிருந்து நடுக்கோட்டைக் கடக்க விதி தரும் நேரம் 8 விநாடி. மைதானத்தின் நீளம் 28 மீற்றர், பாதி 14. எட்டு விநாடியில் 14 மீற்றரை வேகமாக நடந்தே கடக்கலாம். நானே தட்டிக்கொண்டு நடந்து காட்டுவேன், பிள்ளைகள் சத்தமாக எண்ணுவார்கள். எட்டு சொல்ல முன் கடந்துவிடுவேன். அதைக் கண்ட பிறகு பாதிப் பேரின் கை தானாக ஆறுதலடைகிறது.

பிடித்து நின்றுவிட்டு மறுபடி தட்டுகிறார்

பெண்பிள்ளைகளிடம் அதிகம். வலைப்பந்தில் தட்டிக்கொண்டு போக விதி இல்லை. பிடித்தால் நின்று, 3 விநாடிக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் பந்து மேலே வந்ததும் இரண்டு கையும் அதைப் பிடித்துவிடுகின்றன. நின்ற பிறகு இது கூடைப்பந்து என்று நினைவு வந்து மறுபடி தட்டுகிறார்கள். விசில்.

பிடித்தது பிழையில்லை, பிடித்த பிறகு தட்டியதுதான் பிழை என்று பிரித்துச் சொல்லுங்கள். தட்டிய பந்தைப் பிடித்தால் மூன்று வழிதான்: கொடு, கூடைக்கு எறி, அல்லது ஒரு காலை ஊன்றிச் சுழன்று வழி தேடு. ஊன்றிச் சுழல்வதில் வலைப்பந்துப் பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட எவ்வளவோ மேல். அதை அவர்களிடமே சொல்லுங்கள், ஆண்பிள்ளைகளுக்குப் பழக்கவும் விடுங்கள். எங்கள் மைதானத்தில் அப்படித்தான் நடக்கிறது.

பந்து உள்ளங்கையில் ஏறித் தங்குவது வேறு பிழை. கை பந்தின் அடிப்பக்கம் போனால் விசில் வரும். மேலே சொன்ன முழந்தாள் பயிற்சியே இதற்கும் மருந்து.

எதிரே ஆள் வந்தால் பறிகொடுக்கிறார்

தனியே நன்றாகத் தட்டுகிற பிள்ளைக்கு இது வந்தால் கையில் பிழை இல்லை, உடம்பு திரும்பவில்லை. பறிக்க வருகிறவருக்கும் பந்துக்கும் நடுவில் பிள்ளையின் தோளும் தொடையும் இருக்க வேண்டும். தூரத்துக் கைதான் தட்ட வேண்டும்.

முதல் கிழமை எதிராளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வழியை மட்டும் மறிக்கட்டும். இரண்டாம் கிழமை ஒரு கை. அப்புறம் மூன்று மீற்றர் அகல ஒழுங்கைக்குள் ஒருவருக்கு ஒருவர். தோற்கிற பிள்ளையை எல்லோர் முன்னாலும் திரும்பத் திரும்பத் தோற்க விடாதீர்கள். அதே தரத்தில் உள்ளவரோடு சோடி போடுங்கள்.

ஒரு தவணை பழக்கியும் ஒரு பிள்ளைக்கு வரவில்லையென்றால் பொறுங்கள். முழு அணிக்கும் வரவில்லையென்றால் நாங்கள் காட்டும் முறையில் எங்கோ பிழை. வலயக் கல்வி அலுவலகத்தில் உடற்கல்விக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்டு, அனுபவமுள்ள ஒரு பயிற்றுநரை ஒரு பின்னேரத்துக்கு அழையுங்கள். எங்களுக்கு அப்படி வந்தவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்: நான் செய்துகாட்டும்போது எப்போதும் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். அவர்களுக்கு என் இடம் வலமாகத் தெரிந்திருக்கிறது. இப்போது முதுகைக் காட்டி நின்றுதான் காட்டுகிறேன்.

விரல் வலி, முழங்கால் வலி

பந்து நேரே விரல் நுனியில் பட்டு வீங்கினால் இழுக்கவோ சொடக்கு எடுக்கவோ யாரையும் விடாதீர்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், பக்கத்து விரலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். விரல் கோணியிருந்தால், நுனி மூட்டைத் தானாக நிமிர்த்த முடியாவிட்டால், மடிக்க முடியாவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலை, எக்ஸ்ரே. முறிவு வைத்தியரிடம்தான் போவோம் என்று வீட்டில் சொன்னால், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு பேசுவோம் என்று தன்மையாகச் சொல்லுங்கள். நுனி நிமிராத விரலை விட்டுவிட்டால் அப்படியே வளைந்து நின்றுவிடக்கூடும்.

முழங்கால் சிரட்டைக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி என்று தரம் 7, 8 பிள்ளைகள் சொல்வார்கள். வேகமாக உயரம் போகிற வயதில் அது வரும். குதிப்பதையும் ஓடுவதையும் குறைத்து, கதிரையில் இருந்தபடி தட்டக் கொடுங்கள், கை பழகிக்கொண்டிருக்கும். நொண்டினால், மூட்டு வீங்கினால், இரவில் வலித்து எழும்பினால் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

விரல் முழுதாக மடங்கி, வலியில்லாமல் கைப்பிடி இறுகினால் பந்தை மறுபடி கொடுக்கலாம். முதல் கிழமை 5 ஆம் இலக்கம், சீமெந்தில், முழந்தாளில் இருந்தபடி.